மூன்று சுவர் உள்ள குழி

பல் ஆடினால் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களில் இன்னும் உறுதியாக இருக்கிறது. ஈறு நோயில் கரைந்த எலும்பை மீண்டும் வளர்க்க முடியும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அதை முழுமையாகச் சொல்ல வேண்டும். பாதி சொன்னால் நட்டம் நோயாளிக்கே.

அறுவைக்குப் பின் வேரின்மேல் எந்தச் செல் முதலில் வந்து படிகிறதோ, அதைப் பொறுத்தே புண் ஆறும் என்றார் மெல்ச்சர் என்ற ஆய்வாளர், 1976இல். ஈறுத்தோல் வேகமாக இறங்கும். பல்லைப் பிடித்திருக்கும் இழைத்திசுவும் எலும்பும் மெதுவாக வளரும். நடுவே மென்படலம் வைத்துத் தோலைத் தடுத்தால் இவற்றுக்கு அவகாசம் கிடைக்கும் என்பதை 1982இல் சுவீடனின் நைமன் குழுவினர் மனிதப் பல்லில் காட்டினர். எலும்பு கரைந்த குழிக்குள் எலும்புத்தூளும் நிரப்புகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி பதப்படுத்திய மனித எலும்பை நம் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி, பிரியும் பைப்ரின் என்ற உறைபுரதக் கட்டியை வைப்பது செலவு குறைந்த வழி.

எல்லாப் பல்லுக்கும் இது பலிக்குமா? கண்மாய்க்கரையில் குழி விழுந்தால் மண்ணைக் கொட்டி நிரப்பலாம். சுற்றியுள்ள கரை அதைப் பிடித்துக்கொள்ளும். கரையே மட்டமாகத் தேய்ந்திருந்தால் கொட்டிய மண் நிற்காது. எலும்பும் அப்படித்தான். ஒடுங்கி ஆழ்ந்த, மூன்று பக்கமும் சுவர் உள்ள குழியில் நல்ல பலன் உண்டு; மட்டமாகக் குறைந்த எலும்பை உயர்த்த நம்பகமான வழி இன்றும் இல்லை. 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமான எலும்புக் குழிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. அதுவும் பல்லில் படிந்த காரையை நீக்கி, மறுபடி சோதித்த பிறகு.

இன்னொரு குறையும் உண்டு. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புது எலும்பு அல்ல. நிரப்பிய தாதுத்தூளே அப்படித் தெரியலாம். ரத்தக் கட்டி முறையில் சுழற்றும் வேகமும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுவதால் முடிவுகளை ஒப்பிடுவது கடினம். புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் எந்த முறையின் பலனையும் குறைத்துவிடும்.

'கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்' என்ற பயம்தான் நம் ஊரில் பெரிய தடை. காரை பல்லைத் தாங்குவதில்லை. அதன் அடியில்தான் எலும்பு கரைகிறது. பல் துலக்கும்போது ரத்தம் வரும் நாளிலேயே மருத்துவரிடம் போகிறவருக்குப் பெரும்பாலும் இந்த அறுவையே தேவைப்படாது. பிந்திவிட்டவர், பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: "என் பல்லில் இருப்பது குழியா, மட்டமான தேய்வா?"