மனச்சாட்சி யாருடையது? – தாமஸ் மோரைப் பற்றிய நாடகம் ஒன்றின் மதிப்பீடு

ராபர்ட் போல்ட் எழுதி 1960இல் இலண்டனில் அரங்கேறிய ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ என்னும் நாடகம், 1966இல் ஃபிரெட் ஸின்னமன் இயக்கிய திரைப்படத்தின் வாயிலாக உலகெங்கும் அறியப்பட்டது. அரசன் கேட்ட ஆணையை இடமறுத்துத் தலையைக் கொடுத்த சர் தாமஸ் மோரே அதன் நாயகர். மனச்சாட்சிக்காக மரித்தவர் என்று பிரசங்க மேடையில் எடுத்துரைக்க இதனினும் ஏற்ற பாத்திரம் கிடைப்பது அரிது. ஆயினும், மோர் எதிர்த்து நின்ற மாற்றத்தின் வழியே வந்த திருச்சபையினராகிய நாம் இந்நாடகத்தை எவ்வாறு வாசிப்பது?

நாடகத்தின் முடிச்சு சட்டத்தில் இருக்கிறது. 1509இல் எட்டாம் ஹென்றி, தம் தமையன் ஆர்தரின் விதவையான கேத்தரினைப் போப்பு இரண்டாம் ஜூலியஸ் முன்பு அளித்திருந்த விதிவிலக்கின்பேரில் மணந்தார். ஆண் மகவு தங்காமற்போகவே, லேவியராகமம் 20:21 தம் மணத்தைக் கடிகிறது என்று வாதிட்டார். உபாகமம் 25:5 அவ்வாதத்துக்குக் குறுக்கே நின்றது. போப்பு இணங்கவில்லை. 1533 மே மாதத்தில் கான்டர்பரிப் பேராயர் கிரான்மர் அத்திருமணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். 1534ஆம் ஆண்டின் அரசுரிமைச் சட்டம் ஆன் பொலீனின் பிள்ளைகளையே வாரிசுகளாக்கி, குடிகள் அதனை ஏற்று ஆணையிடவேண்டும் என்றது. ஆணையிட மறுத்தவனுக்குச் சிறையும் சொத்திழப்பும் உண்டு; மரணம் இல்லை. அரசனுடைய பட்டங்களை வஞ்ச நெஞ்சோடு வாய்ச்சொல்லால் மறுத்தாலும் அது இராஜத்துரோகம் என்னும் வேறொரு சட்டமோ, 1535 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே மௌனம் சாதிப்பவனைச் சிறையில் வைக்கலாம், கொல்ல இயலாது. கொல்ல வேண்டுமாயின் அவன் பேசியதாக ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சியை ரிச்சர்டு ரிச் தந்தார்.

இவ்விடுக்கை மேடையில் விளக்கிக் காட்டும் திறத்தில் போல்டுக்கு இணையானவர் சிலரே. அரசுரிமையை நிர்ணயிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஆனின் பிள்ளைகளை வாரிசுகளாக ஏற்பதில் மோருக்குத் தடையில்லை. ஆனால் ஆணையில் அதற்கு மேலும் அடங்கியிருக்கிறது. இவ்வேறுபாட்டை நாடகம் சிதைக்காமல் காக்கிறது. மோர் சாவைத் தேடிப் போகிறவர் அல்லர். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லிலும் புகலிடம் தேடுகிறவர். இரத்தசாட்சி என்பவன் உயிரை வெறுத்தவன் என்று எண்ணும் நமக்கு இது நல்ல திருத்தம். ஏவலாளாகவும் படகோட்டியாகவும் சிறைக்காவலனாகவும் கொலையாளியாகவும் ஒருவரே தோன்றும் ‘சாதாரண மனிதன்’ என்னும் பாத்திரம், பார்வையாளனையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. திரைப்படம் அப்பாத்திரத்தை விட்டுவிட்டது ஓர் இழப்பே.

இனிக் குறைகளுக்கு வருவோம். போல்ட் தாம் பொருளுள்ள வகையில் கிறிஸ்தவர் அல்லர் என்று முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். தன்னியல்பைக் கைவிடாத மனிதன் ஒருவனையே அவர் மோரிடம் கண்டார். எனவே, போப்பின் அதிகாரம் மெய்யா என்பதைவிட அதை நம்புபவன் நான் என்பதே முக்கியம் என்னும் கருத்தை நாடகத்து மோர் தம் நண்பர் நார்ஃபோக்கிடம் கூறுகிறார். வரலாற்று மோர் இவ்வாறு பேசியிருக்கமாட்டார். 1535 ஜூலை 1ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தீர்ப்புக்கு முன் அவர் ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்கு எதிராகக் கிறிஸ்தவ உலகம் முழுவதின் சங்கங்களையும் பரிசுத்தவான்களையும் சாட்சியாக அழைத்தார். அவருடைய மனச்சாட்சி தனிமனிதனின் தனிச்சொத்தன்று. திருச்சபை பேணி வளர்த்தது. நாடகத்தில் இந்தச் சாட்சிகளின் குரல் மங்கியே ஒலிக்கிறது.

இக்குறை இன்னொன்றை மறைக்கவும் உதவுகிறது. மோர் 1529 முதல் 1532 வரை அரசின் தலைமை நீதிப்பதவியாகிய சான்சலர் பதவியை வகித்தார். அக்காலத்தில் தாமஸ் பில்னி, ரிச்சர்டு பேஃபீல்டு, ஜான் டியூக்ஸ்பரி, ஜேம்ஸ் பெயின்ஹாம் முதலியோர் மதபேதிகள் என்று எரிக்கப்பட்டனர். அவர்களிற் சிலரைப் பிடிப்பதிலும் விசாரிப்பதிலும் மோர் நேரடியாகப் பங்குகொண்டார். மேடையிலோ லூத்தரின் போதனையில் மயங்கியவராக மகளை மணக்க விரும்பும் ரோப்பர் ஒருவரே வருகிறார். அவரை மோர் அன்பு கலந்த கண்டிப்போடு நடத்துகிறார். அந்நால்வரில் ஒருவரேனும் மேடையில் நின்றிருப்பாராயின், ‘நம்புபவன் நான்’ என்னும் வாதம் அவர் வாயிலிருந்தும் எழுந்திருக்கும். அப்போது மோர் என்ன மறுமொழி சொல்லியிருப்பார்? நாடகம் அக்கேள்வியைத் தொடவில்லை.

கிரான்மருக்கும் நாடகம் நீதி செய்யவில்லை. அங்கே அவர் விசாரணையாளருள் ஒருவர். முடிவில் கொலைமேடை அருகே மோரின் உறுதியைக் கண்டு பொறாமையுறும் குருவானவர். ஆனால் 1534 ஏப்ரலில், மோரும் பேராயர் ஃபிஷரும் ஆணையின் முகவுரையை விடுத்து அரசுரிமையை மட்டும் ஏற்று ஆணையிட முன்வந்தபோது, அதனை ஏற்றுக்கொள்ளுமாறு குரோம்வெல்லுக்கு எழுதியவர் கிரான்மரே. அரசன் அதற்குச் செவிகொடுக்கவில்லை. அதே கிரான்மர்தாம் 1536 மே 17இல் ஆனின் திருமணத்தையும் செல்லாதென்று தீர்த்தார். இரண்டு நாளில் ஆன் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவ்வாண்டின் புதிய அரசுரிமைச் சட்டம் இரு திருமணங்களையும் தள்ளியது. முன்பு எந்த மணத்தை ஏற்க மறுத்தது குற்றமாயிருந்ததோ, அதைச் செல்லும் என்று சாதிப்பதே இப்போது துரோகமாயிற்று. 1535 ஜூலை 6இல் மோரின் தலை விழுந்து ஓராண்டுதான் கடந்திருந்தது. நாடகம் 1535உடன் முடிவதால், சட்டத்தின் இந்தத் தலைகீழ்ப் புரட்டைப் பார்வையாளன் காண்பதில்லை.

நம் முன்னோர் தமிழில் பயன்படுத்திய பொது ஜெபப் புத்தகத்தின் மூலநூல் கிரான்மரின் கையால் உருவானது. அவருடைய ஜெபங்களை நேசிக்கும் நாம் அவருடைய தீர்ப்புகளையும் நினைவிற் கொள்ளவேண்டும். மோரைப் போற்றும் உரோமைச் சபையாருக்குப் பில்னியின் சாம்பல் கேள்வியாக நிற்பதுபோல, நமக்கும் அரசனின் விருப்பத்துக்கு வேதவசனம் தேடித்தந்த பேராயரின் கை கேள்வியாக நிற்கிறது.

பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களில் மனச்சாட்சியைப் பற்றி எழுதும்போது, தன் மனச்சாட்சியின் உரிமையைவிடச் சகோதரனுடைய மனச்சாட்சியின் பலவீனத்தையே முதன்மையாகக் கருதுகிறார். ஆணையிட்டவர்களை மோர் குற்றப்படுத்தவில்லை என்பது அவருடைய பெருமை. அந்தத் தயவை மதபேதிகளுக்கு நீட்டவில்லை என்பது அவருடைய வீழ்ச்சி. மோரைப் பிரசங்கத்தில் எடுத்துரைக்கும் போதகர் அருள்கூர்ந்து பில்னியையும் உடன் அழைத்து வருவாராக. இருவரும் ஒருங்கே நிற்கும்போதுதான் சபையார் தங்களைக் குறித்துக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பார்கள்.