சுவரும் சித்திரமும்: தாவுல் தேவாலயமும் வாவிக்கரைக் கோயில்களும்

கிராமத்துக் கோயிலொன்றின் கலையை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்தோருக்குப் புதிய வினாவன்று. கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி கதவு அடைபட்டேயிருக்கும். வைகாசியிற் கதவு திறந்து, திருக்குளிர்த்தியுடன் சடங்கு நிறைவுறும் அச்சில நாள்களிலேயே ஊர் தன் அம்மனைக் காண்கிறது. மண்டூர் முருகன் கோயிலிலோ கருவறையைத் திரை மறைத்திருக்க, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு கப்புகனார் பூசை செய்கிறார். கற்சிற்பத்தையும் சுவரோவியத்தையும் தேடிவரும் கலைவரலாற்றாசிரியனுக்கு இக்கோயில்கள் வறியனவாகத் தோன்றக்கூடும். அத்தோற்றம் எவ்வளவு பொருந்தும் என்பதை, சுவரோவியத்தாற் புகழ்பெற்ற எளிய தேவாலயமொன்றுடன் ஒப்புநோக்கித் துணியலாம்.

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில், பிரனீஸ் மலைப் பள்ளத்தாக்கொன்றில் உள்ள சிற்றூர் தாவுல். அங்குள்ள சந்த் கிளிமெந்த் தேவாலயம் 1123 டிசம்பர் 10ஆம் நாள் ஆயர் ரமோன் என்பவரால் அர்ச்சிக்கப்பட்டது. இச்செய்தி ஆலயத்துத் தூணொன்றிலேயே வண்ணத்தால் எழுதப்பட்டுள்ளது. ஆறு நிலைக் கோபுரம் ஒன்றைத் தவிர வெளிப்புறத்திற் பகட்டு எதுவுமில்லை. கரடான கற்சுவர், மரக்கூரை, அவ்வளவே. அதன் சிறப்பெல்லாம் பீடத்துக்குப் பின்னாலுள்ள அரைவட்டச் சுவரில் அமைந்திருந்தது.

அச்சுவரின் உச்சியில், வாதுமை வடிவ ஒளிவளையத்துள் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். உலகின் ஒளி தாமே என்று கூறும் வாசகம் அவர் கையிலுள்ள நூலிற் பொறிக்கப்பட்டுள்ளது. கீழே கன்னி மரியாளும் அப்போஸ்தலரும் வரிசையாக நிற்கின்றனர். உருவங்கள் நேர்முகமானவை. உடையின் மடிப்புகள் வடிவியற் கோடுகளாக இறுகியுள்ளன. கண்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. மறுமலர்ச்சிக்கால ஓவியத்தை அளவுகோலாகக் கொண்டோர் இத்தகைய ரோமனெஸ்க் ஓவியங்களைப் பக்குவமற்றவை எனக் கருதியதுண்டு. அக்கணிப்பு ஓவியத்தைச் சுவரினின்றும் பிரித்துப் பார்த்ததன் விளைவாகும். சிறு சாளரங்களின் மங்கிய ஒளியில், உயர்ந்து வளைந்த சுவரில், எழுத்தறியாத உழவரும் ஆயரும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கென்றே அது தீட்டப்பட்டது. அச்சூழலில் நுண்ணிய நிழல்வேறுபாடு பயன் தராது. தடித்த கோடும் விரிந்த விழியுமே தொலைவைக் கடந்து பேசவல்லன. நீலநிறங்கூட அம்மலைப்பகுதியிற் கிடைக்கும் ஏரினைட் எனும் கனிமத்திலிருந்து பெறப்பட்டதே.

பீடத்துக்கு முன்னுள்ள வளைவில் வேறொரு காட்சியும் உண்டு. செல்வன் வாயிலில் ஏழை இலாசர் கிடக்க, அவன் புண்ணை நாயொன்று நக்குகிறது. ஒளிவளையத்து இறைவனைக் காண நிமிரும் கண்ணுக்கு இவ்வேழையும் தப்புவதில்லை. மாட்சிமையையும் வறுமையையும் ஒரே பார்வைக்குள் நிறுத்திய இவ்வமைப்பு, ஓவியனின் திறமைக்கு மட்டுமன்றி அச்சமூகத்தின் மனச்சாட்சிக்கும் சான்றாகும்.

இவ்வோவியம் இன்று அச்சுவரில் இல்லை. 1919இல் அதே பிரதேசத்துச் சாந்தா மரியா த மூர் ஆலயத்தின் ஓவியங்கள் வணிகரால் விலைக்கு வாங்கப்பட்டுப் பெயர்க்கப்பட்டன. 1921இல் அவை அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையை அடைந்தன. அதனால் விழிப்புற்ற பார்சலோனா நூதனசாலை நிர்வாகம் எஞ்சியவற்றைத் தானே வாங்கியது. 1919க்கும் 1923க்கும் இடையில் இத்தாலிய வினைஞர் ஓவியத்தின்மேற் பசையூட்டிய துணியை ஒட்டி, உலர்ந்தபின் வண்ணப்படையை உரித்தெடுத்தனர். இன்றேல் அவை கடல் கடந்து சிதறியிருக்கும் என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் தப்பியது பாதியே எனலாம். நூதனசாலையில் ஓவியம் உண்டு. அண்ணாந்து பார்த்த ஊர் இல்லை. தாவுலில் ஊர் உண்டு, சுவர் வெறுமை. 2013 முதல் அவ்வெறுஞ்சுவரில் மூல ஓவியத்தின் உருவம் ஒளியாக வீசிக் காட்டப்படுவது, அவ்விழப்பு இன்னும் உணரப்படுவதற்குச் சான்றாகும்.

மட்டக்களப்பிலிருந்து மன்னம்பிட்டி வழியாகப் பொலநறுவை செல்லும் பாதைக்குத் தெற்கே திம்புலாகலைக் குன்று உள்ளது. அங்குள்ள புள்ளிகொட பாறையொதுக்கில், தலைக்குப்பின் ஒளிவட்டங்கொண்ட ஐவர் வரிசையாக அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று உண்டு. இதனைத் தாவுல் ஓவியத்தின் காலமாகிய 12ஆம் நூற்றாண்டுக்கு உரியதென்பாரும் அதற்கு முற்பட்டதென்பாரும் உளர். இது பெயர்க்கப்படவில்லை, தன் பாறையிலேயே இருந்து சிதைவுற்று வருகிறது. இடம்பெயர்ந்து பிழைத்தல், இடத்திலிருந்து தேய்தல் ஆகிய இரண்டும் இழப்பின் இருவகைகளேயாம்.

இவ்விரண்டையும் கண்டபின் வாவிக்கரைக் கோயில்களை வறியன எனல் பொருந்தாது. அங்கே கலை ஆண்டுதோறும் கதவு திறக்கப்படும் அக்கணத்திலும், திரைக்கு முன் நிற்கும் மக்களின் எதிர்பார்ப்பிலும் உறைகிறது. தாவுலின் சுவர் காட்டிச் சாதித்ததை மண்டூரின் திரை மறைத்துச் சாதிக்கிறது. ஆனால் இக்கலைக்கும் ஆபத்து இல்லாமலில்லை. பழைய மண்சுவரையும் ஓலைக்கூரையையும் அகற்றிச் சீமெந்து மண்டபம் எழுப்புவது ஊரின் பக்திக்கும் உழைப்புக்கும் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. மக்களின் அவ்விருப்பத்தைப் பழித்தல் தகாது. ஒழுகும் கூரையின் கீழ் வழிபட வேண்டுமென அவர்களைப் பணிக்க எவர்க்கும் உரிமையில்லை. எனினும் கருவறையின் அளவு, வாயிலின் உயரம், விளக்கின் இடம், மக்கள் நிற்கும் முறை ஆகியன அக்கலையின் உறுப்புகளாகும். புதிய மண்டபம் இவற்றை மாற்றுமாயின், அம்மன் அங்கிருந்தும் அக்காட்சி அழிந்துவிடும். சுவர் இடிக்கப்படுமுன் அதன் அமைப்பை வரைந்தும், சடங்கறிந்த முதியோரிடம் கேட்டெழுதியும் வைப்பது பல்கலைக்கழகங்களின் கடன். தாவுல் மக்கள் தம் ஓவியத்தைப் பார்சலோனா சென்று காணலாம். வாவிக்கரையில் இழக்கப்படுவதைச் சென்று காண நூதனசாலை எதுவும் இராது.