பச்சை குத்திய தாள்

ஓடிக்கொண்டிருந்த வடிகாலை மூடி, அதுமேல எழுப்பினதுதான் தில்லி ஹாட். 1994-இல் ஐ.என்.ஏ. பகுதியில் திறக்கப்பட்ட இந்தத் திறந்தவெளிச் சந்தைக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்து கைவினைக்காரர்கள் வருகிறார்கள். 15 நாள் கடை போட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். தரகன் இல்லாமல் வரைந்தவரே விற்கலாம் என்பது இதன் பெருமை. அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. கிராமத்துச் சந்தையின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். ஆனா கிராமத்துச் சந்தையில எந்தச் சாதிக்கு எந்த மூலைன்னு எல்லாருக்கும் தெரியும். இங்கே அது கண்ணுக்குத் தெரியாது. தெரியலைங்கறதால இல்லாமப் போயிடுமா? மூடினது வடிகாலை மட்டும்தானா?

'மதுபனி ஓவியம்' என்ற ஒற்றைப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1966-67 பீகார் பஞ்சத்தின்போது அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மிதிலைக்கு அனுப்பியது. சுவரில் வரைந்ததைத் தாளில் வரைந்தால் கூலி கிடைக்கும் என்றானது. முதலில் பேர் பெற்றவர்கள் பெரும்பாலும் பார்ப்பன, காயஸ்த வீட்டுப் பெண்கள். மணவறைத் தாமரை, ராமன்-சீதை, கிருஷ்ணன் என்று புராணமே தாளுக்கு இறங்கியது. மதுபனி என்றாலே இதுதான் என்ற சட்டகமும் கூடவே உருவானது.

1970-களில் ஜித்வார்பூர் துசாத் பெண்கள் தாளைக் கையில் எடுத்தார்கள். சானோ தேவி அவர்களில் முக்கியமானவர். துசாத்துகள் ஊர்க்காவல் வேலைக்கு நிறுத்தப்பட்ட தலித் மக்கள். இந்தப் பெண்கள் புராணத்தைத் தேடிப் போகவில்லை, தங்கள் தோலைப் பார்த்தார்கள். உடம்பில் குத்திய பச்சையின் உருவங்களை மூங்கில் குச்சியால், விளக்குக் கரியில் தொட்டு வரிசை வரிசையாக, வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார்கள். இதுதான் 'கோத்னா'. நடுவில் யானைமேல் அவர்களுடைய குலநாயகன் ராஜா சல்ஹேஸ்.

விமர்சகர்கள் இதை 'எளிமை', 'பழங்குடித்தன்மை' என்று தட்டிக்கொடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். நகை வாங்க வக்கில்லாதவளுக்குப் பச்சைதான் நகை. அடகு வைக்க முடியாது, எவனும் பிடுங்கவும் முடியாது. நம்ம ஆயாக்கள் முழங்கையிலும் அது இருந்தது. இழிவு சுமத்தப்பட்ட உடம்பையே மூலநூலாக்கிய அழகியலுக்கு எளிமைன்னு பேர் வைக்கறது சோம்பேறித்தனம்.

அங்கீகாரத்தின் கணக்கையும் பார்க்கலாம். மிதிலை ஓவியத்துக்காக ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ பெற்றது 1975-இல். கோத்னா வரையும் சாந்தி தேவிக்கும் சிவன் பாஸ்வானுக்கும் அது கிடைத்தது 2024-இல். நடுவில் 49 வருசம்.

சந்தை வேண்டாம் என்பது நம் வாதமில்லை. அது அந்தப் பெண்ணுக்குச் சோறு. தன் படத்துக்கு அவளே விலை சொல்லுகிற இடம். ஆனால் வாங்குகிறவன் தெரிஞ்ச கிருஷ்ணனையே கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு அவள் கையும் கிருஷ்ணனைத்தான் வரையும். சல்ஹேஸ் தாளிலிருந்து இறங்கிப் போவான். அதைத் தடுக்கிற வேலையில் பார்வையாளருக்கும் பங்குண்டு. இந்த மாதிரிச் சந்தைக்குப் போகிற தோழர்கள் விலை என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி, யானைமேல இருக்கறது யாருன்னு கேளுங்க. கதையை அவங்க வாயால சொல்லட்டும்.