இசைத்தட்டும் மூலபாடமும்

பழைய நூலொன்று மறுபதிப்பாக வருங்கால், அதன் பாடம் செம்மையாக உள்ளதா என்றே நாம் முதலில் நோக்குகிறோம். 1887-இல் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட சீவக சிந்தாமணி போற்றப்படுவது, பல ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்புக்காகவே. சேகரிப்போரை நாடி இன்று மீண்டும் வெளிவரும் பழைய இசைத்தட்டுகளுக்கும் இதுவே உரைகல்.

சான்றாக, 'சக்தி' குழுவினரின் முதல் தட்டைக் கொள்வோம். ராக், ஜாஸ் இசையில் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கரின் வயலின், விக்கு விநாயகராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு 1975-இல் அமெரிக்காவில் நிகழ்த்திய கச்சேரி அது. 1976-இல் தட்டாக வெளிவந்தது.

அதன் இரண்டாம் பக்கம் முழுதும் ஒரே உருப்படி. ஏறத்தாழ 29 நிமிடம். பக்கம் நீண்டால் தட்டின் சுருள்வரிகள் நெருங்கும், ஒலி தாழும், ஊசியின் உராய்வொலி மேலெழும். கடத்தின் மெல்லிய விரலொலி அதில் மறையக்கூடும். தட்டை 180 கிராம் கனமாக்குவதால் இக்குறை தீராது. மூல ஒலிநாடாவிலிருந்து வரிகளைக் கவனமாய் வெட்டுவதே அதனைக் குறைக்கும். உருப்படியை இரண்டாகப் பகுத்து ஒலியைப் பெருக்கலாமே எனின், அது கச்சேரியின் ஓட்டத்தையே அறுப்பதாகும். அவையோரின் கைத்தட்டலும் மூலபாடமே. அதனை நீக்குவது செய்யுளொன்றைத் தள்ளிவிட்டு நூலை அச்சிடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, வண்ணத் தட்டிலும் எண்ணிட்ட உறையிலும் மயங்காது, எந்த நாடாவிலிருந்து எவர் வெட்டியது என்னும் குறிப்பைத் தேடுக. அதனைக் கூறாத மறுபதிப்பு, சுவடி விவரம் கூறாத நூற்பதிப்பையே ஒக்கும்.