அடுப்பு எரிகிறது, ஜெனரேட்டர் ஓடவில்லை

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் அந்த மாநிலத்துப் பெட்ரோல் பங்க்குகளின் முன் மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. பல பங்க்குகளில் தரைக்கடியில் பெட்ரோல் இருந்தது; மேலே இறைக்கத்தான் மின்சாரம் இல்லை. நவம்பர் 3 முதல் 12 மாவட்டங்களில் வண்டி நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் பெட்ரோல் போட்டார்கள். வரிசையில் கேனோடு நின்றவர்கள் வீட்டு ஜெனரேட்டருக்காக வந்தவர்கள். அவர்களில் பலருடைய சமையலறையில் குழாய் வழியே வரும் எரிவாயுவில் அடுப்பு வழக்கம்போல எரிந்துகொண்டுதான் இருந்தது.

அடுப்புக்கு வரும் எரிவாயுவை ஜெனரேட்டருக்கும் கொடுத்தால் என்ன? யோசனை பழையது, சில நூறு டாலருக்கு அதற்கான கிட்டும் கிடைக்கிறது. இதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். எஞ்சின் இதில் சுலபமான பகுதி. சிக்கல், அதற்கு வந்து சேரும் குழாயிலும் அதிலிருந்து வெளியேறும் புகையிலும் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது காற்றோடு கலந்த எரிபொருளும் ஒரு தீப்பொறியும். பெட்ரோலைச் சிதறடித்து ஆவியாக்க வேண்டும். எரிவாயு அந்த வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது. நல்ல கிட்டில் இரண்டே முக்கிய உறுப்புகள். ஒன்று, ஏர் ஃபில்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் செருகும் உலோக வளையம். மற்றொன்று டிமாண்ட் ரெகுலேட்டர் என்ற தட்டையான வட்டப் பெட்டி. எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம் பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை அசைத்தால்தான் எரிவாயு வழி திறக்கும். எஞ்சின் நின்றால் வழியும் மூடிக்கொள்ளும். சவ்வு செங்குத்தாக நிற்கும்படி, அதிர்வு படாத இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். எஞ்சின் மேலேயே முடுக்கிவிட்டால் அதிர்வில் சவ்வு படபடத்து, ஓட்டம் ஏறி இறங்கும்.

பலன் சின்னதல்ல. அவசரத்துக்கு வாங்கிய ஜெனரேட்டர் வருடத்தில் 360 நாள் சும்மா கிடக்கும் இயந்திரம். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி 10 சதவீத எத்தனால் கலந்தது. சில மாதம் தேங்கினால் ஈரத்தை உறிஞ்சி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பிசினாகப் படிந்து, ஊசித்துளை அளவுள்ள ஜெட்டை அடைத்துவிடும். புயலன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோவதற்கு முதல் காரணம் இதுதான். எரிவாயு கெடாது, பிசின் படியாது. எஞ்சின் ஆயிலும் அதிக நாள் சுத்தமாக இருக்கும்.

அளவு இன்னொரு கணக்கு. 5 கிலோவாட் சுமையை ஒரு நாள் முழுக்கத் தாங்க, எஞ்சினின் திறன் 20 சதவீதம் என்று வைத்தால், சுமார் 18 கேலன், அதாவது 67 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 5 கேலன் கேனில் கிட்டத்தட்ட நான்கு. அத்தனையையும் கராஜில் அடுக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவது கஷ்டம். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் நடுராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பெட்ரோல் ஊற்றும் வேலையும் எரிவாயுவில் இல்லை.

சக்தி மட்டும் குறையும். பெட்ரோல் ஆவி சிலிண்டரில் 2 சதவீத இடத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மீத்தேனோ பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு அவ்வளவு காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. மீத்தேனின் ஆக்டேன் எண் 120-க்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் அந்த வலிமையைப் பயன்படுத்த அதிக அழுத்த விகிதம் வேண்டும். இந்தச் சிறு எஞ்சின்களில் இருப்பதோ எட்டை ஒட்டிய விகிதம். பெட்ரோலுக்கென்று நிர்ணயித்த தீப்பொறி நேரத்தையும் மாற்ற முடியாது. ஆக மொத்தம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தி போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இது பெரிய இழப்பல்ல. ஏசி கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில்தான் குட்டு வெளிப்படும்.

குழாய்க்கு வருவோம். அமெரிக்க வீடுகளுக்குள் எரிவாயு வருவது பெரும்பாலும் 7 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில். பலூன் ஊதும் குழந்தையின் மூச்சில்கூட இதைவிட அழுத்தம் அதிகம். 5 கிலோவாட்டுக்கு மணிக்கு 80 கன அடிக்கு மேல் எரிவாயு தேவை. சாதாரண வீட்டு மீட்டரோ மணிக்கு 250 கன அடி அளவில்தான் இருக்கும். அதே மீட்டரில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும், தொட்டியில்லாத வாட்டர் ஹீட்டரும் தொங்குகின்றன. ஹீட்டர் மட்டுமே மணிக்கு 1,99,000 பிடியூ வரை, அதாவது 190 கன அடிக்கு மேல் இழுக்கக்கூடியது. அடுப்புக்குப் போகும் நீண்ட அரை அங்குலக் குழாயில் ஒரு டீ போட்டு ஹோஸை மாட்டிவிட்டால், யாரோ குளிக்கப் போகும்போது எஞ்சின் திணறும். மற்ற அடுப்புகளின் சுடரும் தள்ளாடும். மீட்டருக்குப் பக்கத்திலிருந்து முக்கால் அல்லது ஒரு அங்குலத்தில் தனிக் குழாய், மூடும் வால்வு, கசிவுச் சோதனை, உரிமம் பெற்ற பிளம்பர் என்று போனால் செலவு கிட்டின் விலையைத் தாண்டிவிடும். கிட்டின் விலையை மட்டும் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இந்தப் பகுதிக்கு வரும்போது அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை புகையில். கையடக்க ஜெனரேட்டர்களின் கார்பன் மோனாக்சைடு நச்சால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 100 பேர் இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. எரிவாயு சுத்தமான எரிபொருள், அதனால் ஆபத்து போய்விட்டது என்ற எண்ணம் இந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சரியாக அளந்து கலந்தால் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறையும் என்பது நிஜம். ஆனால் யார் அளக்கிறார்கள்? ஹோஸில் இருக்கும் திருகை அரைச் சுற்று திருப்பி, ஒரு ரூம் ஹீட்டரைச் சொருகி, எஞ்சின் சத்தம் சீராகும்வரை இன்னும் கொஞ்சம் திருப்புகிறார்கள். காதுக்கு இனிமையான, சுமையில் அசராத அந்த ஓட்டம் பல நேரம் எரிவாயு தேவைக்கு மேல் கலந்த ஓட்டம். அந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு மளமளவென்று ஏறும். காதில் அது விழாது. எரிவாயுவில் வாசனை கலந்திருக்கிறதே என்பதும் ஆறுதலாகாது. அந்த வாசனை எரியாத வாயுவுக்குத்தான். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கும் விதி எரிவாயுவுக்கும் அப்படியே பொருந்தும். ஹோஸின் நீளம் போதாமல் மீட்டர் சுவரோரமாக, ஜன்னலுக்குக் கீழே நிறுத்திவிடும் ஆசை இதில் கூடுதல். நச்சு வாயு மிகுந்தால் தானே அணையும் சென்சாரும், கிட் மாட்டப்படும் பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் கிடையாது.

கிட் மாட்டினால் வாரன்டி போய்விடலாம். குறிப்பிட்ட எரிபொருளுக்கென்று மாசுச் சான்று பெற்ற எஞ்சினில் கைவைப்பது கூட்டாட்சிச் சட்டச் சிக்கலையும் கொண்டுவரலாம்.

குழாய் எப்போதும் வரும் என்ற நம்பிக்கையையும் உரசிப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில் காட்டுத்தீக்குப் பயந்து வடக்குக் கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நாட்களுக்கு எரிவாயு ஜெனரேட்டர் அச்செடுத்தாற்போலப் பொருந்தும். அதே கலிபோர்னியாவில் நிலம் குலுங்கினால், பல வீடுகளில் வாயுவைத் தானாக நிறுத்தும் வால்வு முதலில் மூடிக்கொள்ளும். சாண்டியின்போதே லாங் பீச் தீவு போன்ற கடலோரத் தீவுகளில், உடைந்த குழாய்களால் தீப்பிடிக்கும் என்று எரிவாயு நிறுவனம் மொத்த விநியோகத்தையும் அடைத்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது எரிவாயுக் கிணறுகளே உறைந்தன. இருக்கும் வாயுவில் வீடுகளுக்கு முன்னுரிமை தரும்படி அங்கே அவசர ஆணை போட வேண்டியிருந்தது.

ஆகவே கார்ப்பரேட்டரைத் துளையிட்டு, பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி எறிந்து, ஜெனரேட்டரை எரிவாயுவுக்கே எழுதிக்கொடுக்கும் முறை தவறான பந்தயம். வளையம் செருகும் முறையில் அரை மணி நேரத்தில் பழைய எரிபொருளுக்குத் திரும்பலாம். கிண்ணத்தைக் காயவிட்டு டேங்க்கை வைத்திருந்தால் போதும். பெட்ரோல், எல்பிஜி, இயற்கை எரிவாயு மூன்றிலும் ஓடும் ஜெனரேட்டர்கள் இப்போது கம்பெனியிலிருந்தே வருகின்றன. எரிவாயுவில் எத்தனை வாட் என்பதும் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். புதிதாக வாங்குகிறவருக்குக் கிட் தேவையே இல்லை. ஏற்கெனவே நல்ல இயந்திரம் வைத்திருப்பவர், மீட்டரின் கொள்ளளவு இடம் கொடுத்து, 20 அடிக்கு அப்பால் நிறுத்த முற்றமும் இருந்தால், பிளம்பரிடம் விலை கேட்டுப் பார்க்கலாம்.