கறையான் தின்ற தாளும் குகைப் பாறையும்

கித்தானில் மணலும் பசையும் குழைத்துப் பூசி, அதன் மேல் செங்காவியால் ஒரு காட்டெருமையைத் தீட்டியிருக்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 'குகை ஓவியத்தின் தாக்கம்' என்று கீழே எழுதியிருப்பார்கள். எருமை வந்துவிட்டது, பாறைதான் வரவில்லை.

பாறைக்கு அத்தனை சிறப்பா என்று கேட்பீர்கள். ஸ்பெயினின் அல்தமிரா குகை ஓவியங்கள் 1879ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டவை. அக்குகையின் விதானம் சமதளமன்று, ஆங்காங்கே புடைத்திருக்கிறது. 15,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வரைந்தவர்கள் புடைப்பையே எருமையின் உடலாகக் கொண்டார்கள். கரியால் கோடிட்டு, இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண்ணை அப்பினார்கள். விலங்குக் கொழுப்பில் எரியும் விளக்கின் சுடர் அசைந்தால் புடைப்பின் நிழலும் அசையும். எருமை மூச்சு விடுவது போலிருக்கும். உருவத்தில் பாதியைத் தந்தது பாறை.

மயோர்க்காத் தீவில் 1957இல் பிறந்த மிக்கேல் பார்செலோ இதை அறிந்த ஓவியர். ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமைகள் அவை கூடும் மண்டபத்தின் விதானத்தை 2008இல் அவர் ஒரு குகையாகவே மாற்றினார். சுமார் 35 டன் வண்ணப்பூச்சு விழுதுவிழுதாகத் தொங்குகிறது. (செலவு இரண்டு கோடி யூரோவை ஒட்டியது, வளர்ச்சி உதவி நிதியிலும் ஒரு பங்கு எடுத்ததால் ஸ்பெயினில் கண்டனம் எழுந்தது.)

பிரமிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் என் மனம் முழுதும் ஒப்பவில்லை. குகையின் விழுதுகள் எப்படி உண்டாகின்றன? சுண்ணாம்பைக் கரைத்துவரும் நீர் சொட்டுச் சொட்டாக அதைப் படியவிட, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்கின்றன. வரைய வந்தவனுக்கு அவை முன்பே இருந்தவை. அவற்றுக்கு அவன்தான் இணங்க வேண்டும். ஜெனீவாவிலோ விழுதும் ஓவியருடையது, வண்ணமும் ஓவியருடையது. அவரை எதிர்க்க அங்கே எதுவுமில்லை. கீழே மின்விளக்கொளியில் மாநாட்டு நாற்காலிகள் வேறு!

அவருடைய சிறிய படங்களையே நான் உயர்வாகக் கருதுகிறேன். 1988 முதல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் அவர் பலமுறை தங்கினார். அங்கே தாள்களைக் கறையான் அரித்தது. ஓவியர் அவற்றை எறியவில்லை. கறையானுக்கே தாளைக் கொடுத்து, அது விட்ட துளைகளையும் ஓரங்களையும் படத்தின் பகுதியாக்கினார். எங்கே தின்ன வேண்டும் என்று கறையானுக்கு யார் கட்டளையிட முடியும்? எருமையே இல்லாத அந்தத் தாள்களில்தான் அல்தமிராவின் முறை இருக்கிறது.

நூல்களில் அப்படங்களைக் காண நேர்ந்தால் சற்று உற்றுப் பாருங்கள். அச்சில் துளைகள் வெறும் புள்ளிகளாகத் தோன்றக்கூடும். அவை மைப் புள்ளிகள் அல்ல. தாளே இல்லாத இடங்கள்.