வழுவழுப்பு என்றால் வழுக்குமா?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து லால்பேட்டை வழியாகச் சேத்தியாத்தோப்பு செல்லும் வீராணம் ஏரிக்கரைச் சாலையில் என் மாணவர் ஒருவர் மிதிவண்டியிலிருந்து விழுந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே ஆடுகள் குறுக்கிட்டன. இரண்டு பிரேக்குகளையும் இறுகப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. ஒருபுறம் ஏரி, மறுபுறம் சரிவு. நல்ல வேளையாக முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

மறுவாரம் வகுப்புக்கு வந்தவர் சொன்னார்: "ரிம் ரொம்ப வழுவழுன்னு இருந்ததாலதான் சார் பிரேக் பிடிக்கல. பாடத்துல படிச்ச மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

குரோமிய முலாம் போன இடமெல்லாம் அந்த மழைக்காலம் முடியுமுன் துருவேறிவிட்டது. மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் பாடத்தை நம்பியவர். பாடத்தை நடத்தியவன் நான். ஆகவே இக்கட்டுரையில் குறை கூறப்படுவது அந்தப் பாடமே. அதில் என் பங்கும் உண்டு.

உராய்வு பற்றி நாம் பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உள்ளன. இரண்டு பரப்புகள் சேரும்போது அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆகையால் சொரசொரப்பான பரப்பில் உராய்வு மிகுதி, வழுவழுப்பான பரப்பில் குறைவு. பக்கத்தில் இரண்டு ரம்பங்களைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு படமும் இருக்கும். தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த விளக்கத்திலுள்ள ஓட்டையை 1804-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி சுட்டிக்காட்டிவிட்டார். ஒரு மேட்டில் ஏறுவதற்கு ஆற்றல் செலவாகும், சரி. அடுத்த பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடும் அன்றோ? அப்படியானால் உராய்வில் வெப்பமாகப் போகும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ரம்பப் படத்தில் இதற்கு விடை இல்லை.

விடையின் ஒரு நுனி அதற்கும் முன்பே தென்பட்டிருந்தது. 1720-களில் லண்டனில் டெசாகுலியர் என்பவர் இரண்டு ஈயக் குண்டுகளில் சிறு பகுதியைச் சீவித் தூய்மையாக்கி, சற்றே திருகி அழுத்தினார். அவை ஒட்டிக்கொண்டன, பிரிக்க நல்ல பலம் வேண்டியிருந்தது. பட்டறைகளில் அளவு பார்க்கப் பயன்படும் ஜோஹான்சன் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுத் துண்டுகள் அவை. ஒன்றன்மேல் ஒன்றை வழுக்கிச் சேர்த்தால் பற்றிக்கொண்டு விழாமல் நிற்கும். வழுவழுப்பு மிகுந்தால் வழுக்கும் என்பது உண்மையானால் இவை எப்படிப் பற்றுகின்றன?

கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் ஆகிய இருவர் இதனைத் தெளிவாக்கினர். 1950-இல் வெளிவந்த அவர்களுடைய நூல் இத்துறைக்கே அடித்தளம் எனலாம். இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்ளும் இடம் மிகச் சிறிது. முனைகள் மட்டுமே தொடுகின்றன. தொடும் இடங்களில் மூலக்கூறுகளின் கவர்ச்சியால் சிறு சிறு ஒட்டுகள் உண்டாகின்றன. அவற்றை அறுக்கத் தேவைப்படும் விசையே உராய்வின் பெரும்பகுதி.

இனி ரப்பருக்கு வருவோம். ரப்பர் மென்மையானது. மெருகேற்றிய பரப்பின்மேல் அழுத்தினால் அது படிந்து, பெரும் பரப்பளவில் நெருங்கித் தொடும். தொடும் இடம் மிகுந்தால் ஒட்டுகளும் மிகும். ஆகவே உலர்ந்த, தூய்மையான நிலையில் ரப்பருக்கு வழுவழுப்பான பரப்பு பகையே அன்று. தூய கண்ணாடிமீது ரப்பரின் உராய்வுக் குணகம் ஒன்றையும் தாண்டும். சொரசொரப்பான பரப்பில் ரப்பர் வேறொரு வழியிலும் விசையைத் தருகிறது. மேடுகளின்மேல் அது நசுங்கி நிமிரும்போது, வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. இந்த இரண்டு பங்குகளையும் 1963-இல் கிராஷ் என்பவர் பிரித்துக் காட்டினார்.

ஸ்பெயின் நாட்டில் 1970-களில் உருவான 'டிரயல்ஸ்' மிதிவண்டி விளையாட்டில் இவ்விரண்டையும் கண்ணாரக் காணலாம். பாறைமீதும் சுவர்மீதும் தாவி, ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும் விளையாட்டு அது. பிரேக் ஓர் இம்மி வழுக்கினாலும் ஆள் கீழே. அவ்வீரர்களில் ஒரு சாரார் அலுமினிய ரிம்மை அரவை எந்திரத்தால் கீறி, கடினமான பட்டைகளைப் பொருத்துகின்றனர். பட்டைகள் விரைவில் தேய்வது அதற்குக் கொடுக்கும் விலை. மற்றொரு சாரார் ரிம்மை வழுவழுப்பாகவே விட்டுவிட்டு, அதற்கென்று மென்மையான பட்டைகளைத் தேடிப் பிடிக்கின்றனர். சிலர் ரிம்மில் சிறிது தாரையும் தடவுவர். ரம்பப் படத்தை மட்டும் படித்தவர் இந்த இரண்டாம் சாராரைப் பைத்தியம் என்பார்.

பின் என் மாணவர் ஏன் விழுந்தார்? தண்ணீரால்.

ஒட்டு உண்டாக வேண்டுமானால் இரு பரப்புகளும் நேரே தொட வேண்டும். இடையில் மெல்லிய நீர்ப்படலம் புகுந்தால் தொடுகை போய்விடும். சொரசொரப்பான ரிம்மில் மேடுகள் படலத்தைக் குத்திக் கிழிக்கும். நீர் பள்ளங்கள் வழியே வெளியேறும். குரோமிய முலாம் பூசிய ரிம்மில் நீருக்குப் போக்கிடம் இல்லை. மொட்டை டயர் காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகவே பிடித்து, மழையில் காலை வாரிவிடுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே மாணவரின் முடிவில் பாதி உண்மை இருந்தது. "வழுவழுப்பு" என்பதோடு "ஈரத்தில்" என்ற ஒரு சொல்லைப் பாடம் சேர்த்திருந்தால் அவர் காய்ந்த ரிம்மின்மேல் பழியைப் போட்டிருக்க மாட்டார்.

இந்த வீழ்ச்சி எவ்வளவு பெரிது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் இதை அளந்தனர். முலாம் பூசிய எஃகு ரிம்மில் சாதாரண ரப்பர் கட்டையின் உராய்வு, நனைந்தவுடன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பிரேக்கை முழுதும் அழுத்தியபடியே சக்கரம் ஏறக்குறைய 30 சுற்று சுற்றிய பின்புதான் நீர் துடைக்கப்பட்டுப் பிடிப்பு திரும்பத் தொடங்கியது.

நம் வண்டிக்குக் கணக்குப் போடுவோம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 4.2 மீட்டர். உலர்ந்த நிலையில் வேகத்தணிவு 2.5 மீட்டர்/வினாடி² எனக் கொண்டால், v²/2a சூத்திரப்படி 3.5 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பிடிப்பு பத்தில் ஒரு பங்கானால் 35 மீட்டர் ஓடும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர், 30 சுற்றுக்கு 66 மீட்டர். ரிம் காய்ந்து பிரேக் விழித்துக்கொள்வதற்குள் ஆடு, ஆள், மதகு எல்லாம் வந்துவிடும்! இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு மிதிவண்டி வழங்கி வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத் தேர்வில் ஒருமுறை கேட்டிருக்கிறோமா? "எஃகு – ரப்பர்: உராய்வுக் குணகம் இவ்வளவு" என்று ஒரே எண்ணைக் கொடுத்து விடை காணச் சொல்கிறோம். உலர்ந்ததா நனைந்ததா என்று அந்த எண் சொல்வதில்லை.

பாடத்தின் மற்றொரு வரியையும் தொட்டுவிட வேண்டும். உராய்வு, தொடும் பரப்பளவைச் சார்ந்தது அன்று என்கிறோம். மரத்துக்கும் உலோகத்துக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பருக்குப் பொருந்தாது. அழுத்தம் கூடக்கூட ரப்பரின் உராய்வுக் குணகம் குறைவதை ஷலமாக் 1952-இல் காட்டினார். ஒரே கைப்பிடி விசையைச் சிறிய கட்டையில் குவிப்பதைவிட அகன்ற கட்டையில் பரப்புவது மேல் என்பது இதிலிருந்து பெறப்படும்.

எனவே கடையில் பிரேக் கட்டை வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்து மீள வேண்டும். நாள்பட்டு இறுகிப்போன கட்டை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அகலமானதைத் தேர்ந்தெடுங்கள். பொருத்திய பின் முகம் முழுவதும் ரிம்மில் படிகிறதா என்று பாருங்கள். ஓரம் மட்டும் தொட்டால் அகலத்தால் பயனில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பளபளப்புக்காக ரிம்மில் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூஜை முடிந்த சில நாளில் பருவமழை தொடங்கிவிடும். எண்ணெயும் நீரும் சேர்ந்தால் கட்டைக்கு வேலையே இல்லை. மழையில் ஓட்டும்போது அவ்வப்போது பிரேக்கை இலேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் பிரேக் கைப்பிடி மேலே வரும். அதில் ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டால் எப்போதும் ஒரே விசை கிடைக்கும். பின்சக்கரத்தைப் பெடலால் ஒரே அளவு வேகத்தில் சுற்றி, கல்லைத் தொங்கவிட்டதிலிருந்து எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ரிம்மில் நீர் ஊற்றியபடி மறுபடி எண்ணுங்கள். ஆரக் கம்பிகளுக்கிடையில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளவும். பழைய கட்டை, புதுக் கட்டை, எண்ணெய் பூசிய ரிம் என்று ஒரு வகுப்பே ஒரு பிற்பகல் முழுவதும் செய்யலாம்.

எஃகு ரிம்முக்கென்று ஐரோப்பாவில் முகத்தில் தோல் பதித்த பிரேக் கட்டைகள் செய்து விற்றனர். நார்த்தன்மையுள்ள தோல், நீர்ப்படலத்தை உடைத்து உறிஞ்சுவதால் மழையில் ரப்பரைவிட நன்கு பிடிக்கும். நம் பக்கத்துக் கடைகளில் அவற்றை நான் கண்டதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுகிறோம். சென்னையில் 1949-லேயே மிதிவண்டித் தொழில் தொடங்கிவிட்டது. இவ்விரண்டும் ஒரு பிரேக் கட்டையில் சந்திக்காமற்போனது ஏன் என்று உற்பத்தியாளர்களைக் கேட்கலாம். அலுமினிய ரிம் வைத்திருப்பவர்களுக்குத் தோல் ஏற்றதன்று. ஈரத்தில் ரப்பர் அலுமினியத்தை எஃகைவிட நன்றாகவே பிடிக்கும். அவர்கள் கட்டையில் ஒட்டிய மணலையும் உலோகத் துகள்களையும் அவ்வப்போது கிள்ளி எடுத்தால் போதும்.